கொசுவை அழைக்கும் இலை நீர்

மழைக்காலம் தொடங்கியதும் நம் கிராமங்களில் காய்ச்சலும் தலைகாட்டுவது யாவரும் அறிந்ததே. சென்னையிலும் வேலூரிலும் 1964-ஆம் ஆண்டில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல் பல ஆண்டுகள் மறைந்திருந்து 2006-இல் மீண்டும் வந்தது. 2012-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் டெங்குக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாகக் கண்டது. நடவு நேரத்திலோ அறுவடை நேரத்திலோ வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அவருடைய கூலி போவதோடு அவரைக் கவனித்துக்கொள்பவரின் கூலியும் போகிறது. டெங்குவைக் குணப்படுத்தக் குறிப்பான மருந்து இன்றளவும் இல்லை. ஆகையால் கொசுவைத் தடுப்பதே நம் கையிலுள்ள சிறந்த வழி.

கொசு எங்கே முட்டையிடுகிறது என்று கேட்டால், ‘தேங்கிய நீரில்’ என்று பள்ளிப் பிள்ளையும் விடை கூறும். அது சரியான விடையே. ஆனால் முழுமையான விடையன்று. தேங்கிய நீர் எல்லாவற்றையும் கொசு ஒரே விதமாகக் கருதுவதில்லை. அருகருகே இரண்டு பாத்திரங்களில் நீர் இருந்து, ஒன்றில் தெளிந்த நீரும் மற்றொன்றில் இலைகள் ஊறிப் பழுப்பேறிய நீரும் இருக்குமாயின், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் இலை ஊறிய நீரையே நாடுகிறது. ஏன் அவ்வாறு நாடுகிறது, அதை அறிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முட்டையிட வரும் கொசு

மனிதரைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைகள் வளர்வதற்கு வேண்டிய சத்தை அது இரத்தத்திலிருந்து பெறுகிறது. இரத்தம் குடித்த ஏறக்குறைய மூன்று நாட்களில் முட்டைகள் முதிர்ந்துவிடுகின்றன. அப்போது அக்கொசு கடிப்பதை விட்டு, முட்டையிடத் தக்க இடத்தைத் தேடி அலைகிறது. ஒரு முறைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். அவற்றையும் ஒரே பாத்திரத்தில் இடாமல், பல பாத்திரங்களில் சிறிது சிறிதாகப் பகிர்ந்து இடுவது ஏடிஸ் கொசுவின் வழக்கம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நீர் உயர்ந்ததும் பொரிக்கும்.

இதில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. முட்டையிட வரும் கொசு என்பது முன்பே ஒருவரையேனும் கடித்துவிட்டு வரும் கொசுவாகும். டெங்கு நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் நோய்க் கிருமி பெருகி, பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய 8 முதல் 12 நாட்கள் வரை ஆகிறது. அதற்குள் அக்கொசு முட்டையிடுவதற்காக ஒருமுறைக்கு மேலும் நீரைத் தேடி வரக்கூடும். ஆகவே முட்டையிட வரும் இடத்தில் அதைப் பிடித்துவிட்டால், அடுத்தவருக்கு நோய் பரவுமுன் தடுத்தவர்கள் ஆவோம்.

இலை ஊறும்போது நிகழ்வது என்ன?

உதிர்ந்த இலை நீரில் விழுந்ததும், முதலில் அதிலுள்ள சர்க்கரைச் சத்தும் துவர்ப்புச் சத்தும் நீரில் கரைகின்றன. நீர் தேநீர் போலப் பழுப்பு நிறம் கொள்கிறது. இரண்டொரு நாட்களில், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அச்சத்துக்களை உண்டு கோடிக்கணக்கில் பெருகுகின்றன. இலை அழுகத் தொடங்குகிறது. இவ்வாறு பெருகும் நுண்ணுயிர்கள் பலவகை அமிலங்களையும் வாசனைப் பொருள்களையும் வெளிவிடுகின்றன. நாம் ‘ஊறல் நாற்றம்’ என்று மூக்கைப் பொத்திக்கொள்வது இதனையே.

நமக்கு நாற்றமாகத் தோன்றும் இது, கொசுவுக்குச் செய்தியாக அமைகிறது. கொசுப்புழுவின் உணவு நீரிலுள்ள நுண்ணுயிர்களும் மக்கிய துணுக்குகளுமே. அவை மிகுந்த நீரில் புழுக்கள் பசியின்றி விரைவாக வளரும். தாய்க் கொசு தலையிலுள்ள உணர்கொம்புகளால் வாசனையை அறிகிறது. நீர்ப்பரப்பில் அமர்ந்ததும் கால்களால் சுவையையும் சோதிக்கிறது. ‘இங்கே உன் குஞ்சுகளுக்கு உணவு உண்டு’ என்று இலை நீர் அறிவிக்க, அதை நம்பி அது முட்டையிடுகிறது. பாத்திரம் கருமையாகவும் நிழலிலும் இருப்பின் அதன் விருப்பம் இன்னும் மிகும்.

எனினும் எதற்கும் ஓர் அளவு உண்டு. இலை அளவுக்கு மீறி அழுகிவிட்டால் நீரில் பிராணவாயு குறைகிறது. நச்சுப் பொருள்கள் சேர்கின்றன. அத்தகைய நீரை ஏடிஸ் கொசு விரும்புவதில்லை. குறைந்த அளவில் அழைக்கும் அதே பொருள், மிகுந்த அளவில் விரட்டுகிறது என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆராய்ச்சிகள் காட்டிய உண்மை

முட்டையிட விரும்பும் இடத்தை நாமே அமைத்துக் கொடுத்து, ஊரில் ஏடிஸ் கொசு உள்ளதா என அறியும் முறையை, அமெரிக்க நாட்டில் ஃபே, எலியாசன் என்ற இருவர் 1966-ஆம் ஆண்டில் விவரித்தனர். கரிய நிறக் கண்ணாடிக் குவளையில் சிறிது நீர் ஊற்றி, சொரசொரப்பான ஒரு பட்டையை அதனுள் நிறுத்திவைப்பார்கள். கொசு அப்பட்டையில் முட்டையிடும். இதற்கு முட்டைப் பொறி என்று பெயர்.

போர்ட்டோ ரிக்கோ தீவில் பால் ரைட்டரும் அவருடைய துணைவர்களும் 1991-இல் இம்முறையை மேம்படுத்தினர். அருகருகே இரண்டு குவளைகள் வைத்து, ஒன்றில் ஏழு நாட்கள் உலர்ந்த புல் ஊறிய நீரையும், மற்றொன்றில் அதே ஊறலில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்த நீரையும் ஊற்றினர். வெறும் குழாய் நீர் கொண்ட ஒற்றைக் குவளையைவிட இந்த இணைக் குவளைகளில் ஏறக்குறைய எட்டு மடங்கு முட்டைகள் கிடைத்தன. நீரில் ஊறிய புல்லே இத்தனை வேறுபாட்டைச் செய்தது.

அழைப்பது இலையா, இலையில் வளரும் நுண்ணுயிரா என்ற வினாவுக்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. அங்கே லோகநாதன் பொன்னுசாமி முதலான விஞ்ஞானிகள் மூங்கில் இலையையும் ஓக் மரத்து இலையையும் ஊறவைத்து ஆராய்ந்து, 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஊறல் நீரிலுள்ள பாக்டீரியாக்களோடு சேர்ந்து காணப்படும் சில கொழுப்பு அமிலங்களே ஏடிஸ் கொசுவை முட்டையிடத் தூண்டுகின்றன என்று அவர்கள் கண்டனர். அவற்றுள் டெட்ராடெகனாயிக் அமிலம் என்பது மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்தது. ஆகவே இலை ஊட்டுகிறது, நுண்ணுயிர் சமைக்கிறது, அந்தச் சமையலின் மணத்துக்குக் கொசு வருகிறது என்று இதைச் சுருங்கச் சொல்லலாம்.

இனத்துக்கு இனம் விருப்பம் வேறு

எல்லாக் கொசுக்களும் ஒரே நீரை விரும்புவதில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடை, கழிவுநீர்க் குழி, தேங்காய் மட்டை ஊறும் குட்டை போன்ற மிகவும் அழுகிய நீரை நாடுகிறது. நம் வரப்புகளில் படரும் அருகம்புல்லை ஊறவைத்த நீர் இக்கொசுவை வலிமையாக ஈர்க்கிறது. அந்த ஊறலை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பகுத்து ஆராய்ந்தவர்கள் 1992-இல் அதிலுள்ள ஈர்ப்புப் பொருள்களை வெளியிட்டனர். அவற்றுள் முதன்மையானது ஸ்கடோல் என்பது. சாணம், மலம் முதலியவற்றின் நாற்றத்துக்குக் காரணமான பொருள்களுள் அதுவும் ஒன்று. கழிவுநீர் தேங்குமிடத்தில் கியூலெக்ஸ் மொய்ப்பதன் காரணம் இதிலிருந்து விளங்குகிறது.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனமோ பொதுவாக அழுகல் மிகுந்த நீரை விலக்குகிறது. ஆனால் அதற்கும் தனியான ஓர் அழைப்பு உண்டு. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவைக் கென்யா நாட்டில் ஆராய்ந்தபோது, செட்ரோல் என்ற மணப்பொருள் கலந்த நீரில் அது முட்டையிடும் வாய்ப்பு இருமடங்காவது தெரிந்தது. இது 2015-இல் வெளியான செய்தி. நம் வயல்களில் களையாக முளைக்கும் கோரையின் கிழங்கு நீரில் மக்கும்போது அந்தப் பொருள் உண்டாகிறது என்பதையும் பின்னர் அறிந்தனர்.

வயலுக்கு இடும் தழை உரம்

இதுவரை படித்த விவசாயிக்கு ஒரு கவலை எழக்கூடும். ‘தக்கைப்பூண்டும் சணப்பையும் மடக்கி உழுகிறோம், கொளுஞ்சியும் வேப்பந்தழையும் சேற்றில் மிதிக்கிறோம். அவையும் நீரில்தானே அழுகுகின்றன? அதனால் கொசு பெருகாதா?’ என்று அவர் கேட்கலாம்.

இக்கவலைக்கு இடமில்லை. மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் நெல் வயல்களில் இதை நேரில் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்ட வயல்களைவிட, தழை, மணி, சாம்பல் சத்துக்களை இரசாயன உரமாக இட்ட வயல்களிலேயே கொசுப்புழுக்கள் மிகுதியாகக் காணப்பட்டன. யூரியாவின் அளவு கூடக் கூடப் புழுக்களும் கூடின. மேலும், வயலில் வளரும் கொசுக்கள் வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வேறு. ஏடிஸ் வீட்டைச் சுற்றியுள்ள சிறு பாத்திரங்களில் வளர்வது. ஆதலால் தழை உரத்தை நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. வயலில் விழும் இலை பயிருக்கு உணவு. கொல்லையில் கிடக்கும் சட்டியில் விழும் இலையே கொசுவுக்கு உணவு.

அழைப்பையே பொறியாக்குதல்

இலை நீர் கொசுவை அழைக்கிறது என்றால், அந்த அழைப்பைக் கொண்டே கொசுவைப் பிடிக்கலாம் அல்லவா? இம்முயற்சியும் போர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. கரிய வாளி ஒன்றில் 10 லிட்டர் நீரும் 30 கிராம் உலர்ந்த புல்லும் இட்டு, கொசு நீரைத் தொடாதபடி வலை கட்டி, மேற்பகுதியின் உட்சுவரில் பசை பூசிவைத்தனர். முட்டையிட வந்த கொசு பசையில் ஒட்டி மடிந்தது. பெரும்பாலான வீடுகளில் வீட்டுக்கு மூன்று பொறிகள் வீதம் வைத்த ஊர்களில் ஏடிஸ் கொசுக்கள் பாதிக்குமேல் குறைந்தன. பின்னர் அத்தீவில் சிக்குன்குனியா பரவியபோது, பொறி வைத்த ஊர்களில் நோய் கண்டவர் தொகையும் பொறி வைக்காத ஊர்களைவிடக் குறைவாயிருந்தது.

இவ்வெற்றியில் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, பொறி வைக்குமுன் அவ்வூர்களில் தேவையற்ற பாத்திரங்களை அகற்றிப் புழுக்களையும் அழித்தார்கள். ஊர் முழுவதும் மழைநீர் நிறைந்த ஓடுகளும் டயர்களும் கிடந்தால், நாம் வைக்கும் பொறி பல அழைப்புகளுள் ஓர் அழைப்பாக மட்டுமே அமையும். கொசு வேறிடத்தில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இரண்டாவது, பொறிகளைக் கால ஒழுங்கோடு பராமரித்தார்கள். பராமரிப்பு இல்லாத பொறி கொசுவின் நண்பனாகிவிடும்.

இந்த இரண்டாவது செய்தி மிக முக்கியமானது. வலையும் பசையும் இல்லாத சாதாரண முட்டைப் பொறி, நாமே கொசுவுக்குக் கட்டிக்கொடுக்கும் பிரசவ விடுதியை ஒத்தது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாட்கள் வரையே ஆகும். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவினால் அது பொறி. பத்து நாட்கள் மறந்துவிட்டால் அது பண்ணை. கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் முட்டைப் பொறி வைக்காமல் இருப்பதே நல்லது.

கண்ணால் காணும் சோதனை

சொல்லால் நம்பாதவரும் கண்ணால் கண்டால் நம்புவர். பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ, பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில் இச்சோதனையைச் செய்து காட்டலாம். மூடியுள்ள வாளியில் 10 லிட்டர் நீரும் ஒரு பிடி உலர்ந்த புல்லும் அல்லது சருகும் இட்டு, இறுக மூடி ஏழு நாட்கள் வைக்கவும். பின்னர் இரண்டு கரிய குவளைகளை எடுத்து, ஒன்றில் நல்ல நீரும் மற்றொன்றில் வடிகட்டிய ஊறல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல நீரும் கலந்து, பாதியளவு ஊற்றவும். இரண்டிலும் வெள்ளைப் பருத்தித் துணிப் பட்டையை உட்சுவரை ஒட்டி வைக்கவும். நிழலான தாழ்வாரத்தில் நான்கு நாட்கள் இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் துணியை எடுத்துப் பார்த்தால், எள்ளினும் சிறிய கரும்புள்ளிகள் நீர்மட்டத்துக்கு மேலே வரிசையாக ஒட்டியிருக்கக் காணலாம். அவையே ஏடிஸ் முட்டைகள். எந்தக் குவளையில் மிகுதி என்பதை மக்களே எண்ணிப் பார்க்கட்டும். எண்ணி முடித்ததும் துணியைக் கொதிநீரில் இடவேண்டும். நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் கொட்டி, குவளையின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஊறல் இருந்த வாளியையும் அவ்வாறே செய்யவேண்டும். இச்சோதனை ஊரில் ஏடிஸ் உள்ள தெருக்களையும் காட்டிக்கொடுக்கும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, இலையும் நீரும் சந்திக்கும் இடங்களை ஒவ்வொரு தெருவிலும் கணக்கெடுத்தல் வேண்டும். மரத்தடியில் கிடக்கும் பழைய டயர், ஆட்டுரல், உடைந்த பானை, தேங்காய் ஓடு, இளநீர்க் கூடு, தென்னம்பாளை, வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை, மரப்பொந்து, சருகு அடைத்த கூரைத் தகரத்தின் நீர்வழி ஆகியவை இப்பட்டியலில் அடங்கும். இவற்றுள் மரநிழலில் இருப்பவற்றை முதலில் கவனிக்கவேண்டும். இலை உதிர்வதும் அங்கேதான், ஏடிஸ் தங்குவதும் அங்கேதான். மரப்பொந்தையும் மூங்கில் கட்டையையும் மண்ணோ மணலோ இட்டு அடைத்துவிடலாம்.

இரண்டாவதாக, குடிநீர் மேல்நிலைத் தொட்டிகளின் மூடிகளைப் பழுதுபார்த்தல் வேண்டும். உடைந்த மூடியின் வழியே கொசு மட்டுமன்றி இலையும் உள்ளே விழுகிறது. வீடுகளிலுள்ள சிமெண்டுத் தொட்டிகளும் இவ்வாறே. மூடி இல்லாதவர்கள் துணியால் கட்டி வைக்கலாம்.

மூன்றாவதாக, வாரம் ஒரு நாளைக் கழுவும் நாளாக ஊர் முழுவதும் கடைப்பிடித்தல் வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டைக் கழுவி மெழுகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றே தண்ணீர்த் தொட்டிகளையும் கால்நடைகளின் கழுநீர்த் தொட்டிகளையும் கவிழ்த்துவிடலாம். கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவேண்டும். இல்லையேல் சுவரில் ஒட்டிய முட்டைகள் அடுத்த நீருக்காகக் காத்திருக்கும். கழுநீர்த் தொட்டியில் வைக்கோல் துணுக்குகள் ஊறிக் கிடப்பது கொசுவுக்கு நாம் அனுப்பும் அழைப்போலை என்பதைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எடுத்துரைக்கவேண்டும்.

நான்காவதாக, தூய்மைக் காவலர்கள் கூட்டிச் சேர்க்கும் சருகை வாய்க்கால் ஓரத்தில் குவிக்காமல் எருக்குழியில் சேர்த்தல் வேண்டும். வாய்க்காலில் விழும் சருகு நீரோட்டத்தைத் தடுத்து, கியூலெக்ஸ் கொசுவுக்கு ஊறல் நீரைத் தயாரித்துக் கொடுக்கிறது. அதே சருகு எருக்குழியில் மக்கினால் பஞ்சாயத்துக்கு உரமாகிறது.

ஐந்தாவதாக, மேற்சொன்னவை நடந்த பின்னரே பொறிகளைப் பற்றி எண்ணுதல் வேண்டும். அவ்வாறு வைக்க விரும்பும் பஞ்சாயத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கலந்துகொண்டு, எந்தப் பொறி எந்த வீட்டில் உள்ளது, அதைக் கழுவும் பொறுப்பு யாருடையது, கழுவும் நாள் எது என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது இன்றியமையாதது. வீடு வீடாகச் செல்லும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரிடம் அப்பதிவேட்டின் நகல் இருத்தல் நலம்.

கொசு நம்மைத் தேடி வருவது தற்செயலன்று. நாம் கவனியாமல் விட்ட சட்டியில் விழுந்த இலை அதை அழைக்கிறது. மருந்து தெளிப்பவர் வரும் நாளை எதிர்பார்த்திராமல், அந்த இலையை எடுத்து எருக்குழியில் இட்டு, சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை. வாரத்தில் அரைமணி நேர உழைப்பே அதற்குப் போதும். அடுத்த மழைக்கு முன்பே ஒவ்வொரு பஞ்சாயத்தும் இப்பணியைத் தொடங்கினால், நோய் வந்தபின் மருத்துவமனைக்கு அலையும் துன்பம் பல குடும்பங்களுக்குக் குறையும்.